சரணாலயம் என்று அறிவித்த பிறகு காட்டில் என்ன வேலை இருக்கிறது?

கேள்வி இது: "அஞ்செட்டிப் பக்கம் எங்கள் கொல்லைக்கு மேலேயே காடு. அதைச் சரணாலயம் ஆக்கிவிட்டார்கள். காட்டைச் சும்மா விட்டாலே அது தானாக இருக்குமே, அங்கே நிர்வாகம் பண்ண என்ன இருக்கிறது? பழமரம் நட்டு, நாலு தண்ணீர்த் தொட்டி கட்டிவிட்டால் யானை கீழே இறங்காது, இல்லையா?"

இறங்கும். பழமரம் நட்டாலும் இறங்கும், தொட்டியைத் தப்பான இடத்தில் கட்டினால் இன்னும் சீக்கிரமாக இறங்கும். முதல் கேள்விக்கு வந்தால், நூறு வருஷமாக மாடு மேய்ந்து, விறகு வெட்டி, வருஷா வருஷம் தீ விழுந்து, நடுவில் உண்ணிச்செடி (லாண்டானா என்ற களைப்புதர்) அடைத்துக்கொண்ட காடு சும்மா விட்டால் பழைய காடாகத் திரும்பாது. உண்ணிச்செடிக் காடாகத்தான் நிற்கும். அதனால் வேலை நிறையவே இருக்கிறது. அதில் முக்கால்வாசி புதிதாக எதையும் கட்டுவது இல்லை. களை பிடுங்குவது, தீ பரவாமல் தடுக்கும் தீக்கோட்டைக் கூட்டுவது, வேலிக் கம்பியில் உரசும் கொடியை அறுப்பது, அகழியில் சரிந்த மண்ணை அள்ளுவது போன்ற பராமரிப்புதான். கட்டுவதற்குக் கிடைக்கும் பணம் பராமரிக்கக் கிடைப்பதில்லை. இந்தத் துறையில் கெட்டுப்போகும் வேலைகளில் பெரும்பாலானவை கெடுவது அங்கேதான்.

சட்டப்பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காவேரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் 2014-இல் வந்தது, 504 சதுர கிலோமீட்டர். காவேரி தெற்கு 2022 நவம்பரில் வந்தது, 686 சதுர கிலோமீட்டர். ஜவளகிரி, அஞ்செட்டி, உரிகம் சரகங்களின் காப்புக்காடுகள் இதில் வருகின்றன. உங்கள் காடு அநேகமாக இந்த இரண்டாவது சரணாலயத்தைச் சேர்ந்தது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தில், ஏற்கெனவே காப்புக்காடாக இருக்கும் நிலத்தைப் பிரிவு 26ஏ-யின் கீழ் அறிவிக்கலாம். பட்டா நிலத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று ஊரில் கிளம்பும் பேச்சுக்கு இதில் இடமில்லை. காட்டுக்குள் வாழும் பழங்குடியினருக்கு 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் தரும் உரிமையும் சரணாலயம் ஆனதால் மட்டும் போய்விடாது. மாறுவது என்னவென்றால், காட்டை மரம் கொடுக்கும் நிலமாகப் பார்த்துத் திட்டம் போட்டது போய், விலங்குக்கும் அதன் வாழிடத்துக்கும் எது நல்லது என்று பார்த்து மேலாண்மைத் திட்டம் எழுத வேண்டும். 2022-இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு அந்தத் திட்டப்படிதான் சரணாலயத்தை நடத்த வேண்டும் என்பது கட்டாயம்.

இந்தக் காடு ஏன் முக்கியம் என்பது வரைபடத்தைப் பார்த்தால் விளங்கும். வடமேற்கே பன்னார்கட்டா, ஆற்றுக்கு அக்கரையில் கர்நாடகத்தின் காவேரி சரணாலயம், அதைத் தொட்டுக்கொண்டு மாதேஸ்வரன் மலை, அப்படியே பிலிகிரிரங்கன் மலை, சத்தியமங்கலம். உங்கள் பக்கத்து மேலகிரி மலை இந்தத் தொடரின் கிழக்கு ஓரம். யானை இந்த முழு நீளத்தையும் தன் வீடாக நினைத்து நடக்கிறது. ராகி பால் பிடிக்கும் நேரம் பார்த்து, அக்டோபர், நவம்பர் வாக்கில் ஜவளகிரி வழியாகக் கூட்டம் கூட்டமாக வந்து, தேன்கனிக்கோட்டை, ராயக்கோட்டை, சானமாவு என்று பிரிந்துபோய், அறுவடை முடிந்து சில வாரங்கள் கழித்துத் திரும்புவது அதனால்தான்.

இப்போது பழமரக் கதை. காட்டில் தின்ன ஒன்றும் இல்லாததால் யானை வெளியே வருகிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். பாதிதான் உண்மை. ராகி வரும் பருவம் காட்டில் மழை முடிந்து பச்சை நிறைந்திருக்கும் பருவம். அப்போதும் வருகிறது என்றால் காரணம் பசி மட்டும் இல்லை. 1980-களில் சத்தியமங்கலம், சாமராஜநகர் காடுகளில் ஆர். சுகுமார் செய்த ஆய்வில், பயிரில் இறங்குவது தாய்க்கூட்டங்களைவிட வளர்ந்த ஆண் யானைகள்தான் அதிகம் என்றும், முற்றிப்போன காட்டுப்புல்லைவிடப் பயிரில் புரதமும் உப்புச்சத்தும் கூடுதல் என்றும் தெரிந்தது. ஒரு ராத்திரி ராகிக் கொல்லையில் நின்றால் கிடைப்பது, காட்டில் பகல் முழுக்க நடந்து பொறுக்கினால்தான் கிடைக்கும். பலா, மா நட்டு இந்தக் கணக்கை மாற்ற முடியாது. தவிர, நம்முடையது வெக்காலியும் உசிலையும் கருங்காலியும் நிற்கிற வறண்ட இலையுதிர் காடு. அங்கே பலாக்கன்று நட்டால் மூன்றாம் கோடையைப் பார்க்காது. பார்த்தால், அதைவிட மோசம்: கிராமத்து ஓரத்தில் நட்ட பலா காய்க்கத் தொடங்கியதும் யானைக்கு அங்கே வர இன்னொரு காரணம் கிடைத்துவிடும்.

காட்டுக்குள் தீனி கூட வேண்டும் என்றால் புல் வர வேண்டும். புல் வர வேண்டும் என்றால் உண்ணிச்செடி போக வேண்டும்.

உண்ணிச்செடியை எடுப்பதில் பலரும் செய்யும் தப்பு, அதைத் தரையோடு வெட்டுவது. வெட்டிய இடத்தில் ஒரு தண்டுக்குப் பத்துத் தண்டாகத் துளிர்க்கும். ஜேசிபி விட்டு வாரினால் மண் கிளறி, அடியில் தூங்கும் விதை எல்லாம் ஒரே மழையில் முளைத்துவிடும். டெல்லிப் பல்கலைக்கழகத்தின் சி.ஆர். பாபுவும் அவர் குழுவும் வகுத்த முறைதான் இன்று பல சரணாலயங்களில் புழக்கத்தில் இருக்கிறது. செடியின் அடிக்கு வந்து, பக்கத் தண்டுகளை ஒதுக்கி, தரைமட்டத்திலிருந்து மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் கீழே ஆணிவேரை ஒடுங்கிய கொத்தால் ஒரே வெட்டாக அறுக்க வேண்டும். துளிர்க்கும் மொட்டுகள் வேர்க்கழுத்தில்தான் இருக்கின்றன. அதற்குக் கீழே அறுத்தால் மண்ணில் மிஞ்சும் வேர் துளிர்க்காது. அறுத்த செடியை அப்படியே தூக்கி, வேர் வானம் பார்க்கும்படி தலைகீழாகக் கவிழ்த்து வைக்க வேண்டும். பக்கவாட்டில் சாய்த்துப் போட்டால் மண்ணைத் தொடும் தண்டு கணுவில் வேர் விட்டுவிடும். இதற்கு இரண்டு ஆள் சேர்ந்த ஜோடி நல்லது: ஒருவர் கவைக்கோலால் தண்டைத் தூக்கிப் பிடிக்க, மற்றவர் அறுக்க வேண்டும். முள் கிழிக்கும், தடித்த கையுறை இல்லாமல் வேலை ஓடாது.

எப்போது செய்வது என்பது எப்படிச் செய்வது என்பதற்குச் சமம். காய் பழுக்கும் முன் எடுக்க வேண்டும். பழுத்த பிறகு எடுத்து, காடு முழுக்க இழுத்துக்கொண்டு போனால் நாமே விதைத்தவர்கள் ஆகிறோம். மண் சற்று ஈரமாக இருக்கும் முதல் மழைக்குப் பிந்தைய நாட்களில் வேர் சுலபமாக வரும். காய்ந்த மேலகிரி மண்ணில் கொத்து துள்ளும்.

எடுத்து முடித்ததோடு ஒப்பந்தம் முடிந்துவிட்டதாக எழுதுவதுதான் பெரிய கோளாறு. அடுத்த மழையில் தரை முழுக்கக் கன்று முளைக்கும். அதிலும் கொண்டைக்குருவியும் மைனாவும் உட்கார்ந்து எச்சம் போடும் மரத்தடியைப் பார்த்தால் நாற்றங்கால் போட்டதுபோல் இருக்கும். குறைந்தது இரண்டு, முடிந்தால் மூன்று மழைக்காலம் அந்த இடங்களுக்குத் திரும்பிப் போய்க் கையால் பிடுங்க வேண்டும். பணத்தை ஒதுக்கும்போதே மொத்தத்தில் ஒரு பங்கை இந்த மறுவருகைகளுக்குப் பூட்டி வைக்காத திட்டத்தைத் தொடங்காமல் இருப்பதே மேல் என்பது என் கருத்து. ஐம்பது ஹெக்டேரை எடுத்துவிட்டுக் கைவிடுவதைவிடப் பத்து ஹெக்டேரை எடுத்து மூன்று வருஷம் காப்பது லாபம்.

இன்னொன்று. மொத்தத்தையும் ஒரே மூச்சில் மொட்டையடிக்கக் கூடாது. கரடி பகலில் படுப்பதும், காட்டுக்கோழி ஒதுங்குவதும் இந்தப் புதருக்குள்தான். வேறு மறைவு வரும்வரை அவற்றுக்கு அது வேண்டும். பட்டை பட்டையாக எடுத்து, ஒரு பட்டையில் புல் பிடித்த பிறகு அடுத்ததற்குப் போவது நல்லது. பள்ளத்து ஓரங்களைக் கடைசிக்கு வைக்கலாம். மழைக்கு முன் அங்கே திறந்துவிட்டால் கரை அரிக்கும். திறந்த இடத்தில் புல் தானாக வராவிட்டால், அதே காட்டின் ஊசிப்புல், போதைப்புல், கொழுக்கட்டைப்புல் விதையை மழை ஓய்ந்து கதிர் காயும் பருவத்தில் உருவி, சாக்கில் உலர வைத்து, அடுத்த மழைக்கு முன் தூவலாம். வெளியூர்த் தீவன விதை வாங்கித் தூவுவது வேண்டாம். இரண்டு வருஷம் அந்த இடத்தில் மாடும் தீயும் படக் கூடாது.

உண்ணித் தண்டில் நாற்காலி, கூடை, ஆள் உயர யானைச் சிற்பம் எல்லாம் செய்கிறார்கள். மாதேஸ்வரன் மலையில் சோலிகர் பழங்குடியினர் அந்தக் கைத்தொழிலைப் பல வருஷமாகச் செய்து வருகிறார்கள். வருமானத்துக்கு நல்லது. ஆனால் அது களை ஒழிப்பு ஆகாது. கைவினைக்கு வேண்டியது நேரான தண்டு. தண்டை வெட்டி எடுத்தால் வேர் மண்ணிலேயே நிற்கும், அடுத்த வருஷம் இன்னும் நல்ல தண்டு வரும். இரண்டையும் ஒரே தலைப்பில் கணக்கு எழுதினால் இரண்டும் நடந்ததுபோல் தெரியும்.

அடுத்தது தீ. உண்ணிக்கும் தீக்கும் உறவு உண்டு: அடர்ந்த உண்ணிப்புதரில் ஏறும் தீ மரத்தின் கழுத்துவரை போகும், எரிந்த வெற்றிடத்தில் முதலில் துளிர்ப்பதும் உண்ணிதான். இந்த மலைகளில் தீ தானாகப் பிறப்பதில்லை. இளம்புல் வரட்டும் என்று மேய்ப்பவர் வைப்பது, புளியும் சீமாறுப் புல்லும் பொறுக்க அடித்தரையைச் சுத்தம் பண்ண வைப்பது, தேன் எடுக்கக் கொளுத்திய பந்தம், ரோட்டோரம் வீசிய பீடி, அறுத்த கொல்லையின் தாள் எரிந்து மேலே ஏறுவது. யார் எதற்கு வைக்கிறார் என்று பீட் (காவல் பகுதி) வாரியாகத் தெரிந்து வைத்திருக்கும் வனவர், பாதித் தீயை ஜனவரியிலேயே அணைத்துவிட்டார் என்று சொல்லலாம். புல்லுக்கும் புளிக்கும் போகிறவர்களையே தீக்காவலர்களாகக் கூலிக்கு வைத்துக்கொள்வது பழைய உத்தி, இன்றும் இதைவிட நல்லது வரவில்லை.

தீத்தடுப்புக் கோடு வழக்கமாக ஆறு மீட்டர் அகலம். சரணாலய எல்லையிலும் ரோட்டோரத்திலும் இன்னும் அகலமாகவும் போடுவார்கள். ஜனவரியிலிருந்து பிப்ரவரி நடுவுக்குள் முடிக்க வேண்டும். புல்லையும் புதரையும் வெட்டி நடுவில் குவித்து, காற்று அடங்கிய காலையிலோ அந்தியிலோ, இரண்டு ஓரத்திலும் ஆள் நிற்க, சிறிது சிறிதாக எரித்து மண் தெரிய விட வேண்டும். கோடு மலை முகட்டின் மேலும், பழைய வண்டித்தடத்தோடும், பாறையோடும் போனால் பலன் அதிகம். சரிவின் குறுக்கே நடுவில் போட்ட கோட்டை, கீழிருந்து ஏறி வரும் தீ தாண்டிவிடும்.

இங்கேதான் வறண்ட இலையுதிர் காட்டின் குசும்பு. ஜனவரியில் மண் தெரியக் கூட்டிய கோட்டில் பிப்ரவரி கடைசியில் போய்ப் பாருங்கள்: வெக்காலி இலை கணுக்கால்வரை உதிர்ந்து கிடக்கும். படத்தில் கோடு இருக்கிறது, தரையில் இல்லை. மார்ச்சில் ஒருமுறை, ஏப்ரலில் ஒருமுறை மறுபடி கூட்ட வேண்டும். இலை ஊதும் மிஷின் வந்த பிறகு இந்த மறுகூட்டல் சுலபமாகிவிட்டது. ஆனால் பெட்ரோலுக்கும் ஆளுக்கும் ஒதுக்கீடு இல்லாவிட்டால் மிஷின் ஸ்டோர் ரூமில்தான் இருக்கும்.

செயற்கைக்கோள் எச்சரிக்கை இப்போது வனக்காப்பாளரின் போனுக்கே வந்துவிடுகிறது. அதன் எல்லையைத் தெரிந்து பயன்படுத்த வேண்டும். ஒரு கருவியின் படத்தில் ஒரு புள்ளி என்பது 375 மீட்டர் பக்கமுள்ள சதுரம், இன்னொன்றில் ஒரு கிலோமீட்டர். அந்தச் சதுரத்துக்குள் எங்கோ சூடு என்றுதான் அர்த்தம். செயற்கைக்கோள் தலைக்குமேல் போகும் நேரங்களுக்கு நடுவே பிறந்து பரவும் தீ அதில் தாமதமாகத்தான் தெரியும். முகட்டில் உட்கார்ந்திருக்கும் ஒரு காவலரின் கண்ணும் ஒரு வாக்கிடாக்கியும் இன்னும் முந்திக்கொள்கின்றன.

அணைக்கப் போகிறவர்களுக்கு: தீ மேட்டை நோக்கி ஓடும், பள்ளத்தை நோக்கி ஊரும். ஏறி வரும் தீக்கு மேலே ஒருநாளும் நிற்கக் கூடாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறிகள் சிக்கியது காய்ந்த புல் சரிவில்தான். தப்ப வேண்டுமென்றால் ஏற்கெனவே எரிந்து கருகிய பக்கத்துக்குப் போக வேண்டும், அங்கே மறுபடி எரிய ஒன்றும் இல்லை. நைலான், பாலியஸ்டர் உடுப்பு உருகித் தோலில் ஒட்டும், பருத்தி போதும். பச்சைத் தழையால் ஓங்கி அடித்தால் பொறி பறக்கும். அமுக்கித் தேய்த்து, தீயின் பக்கவாட்டிலிருந்து தலையை நோக்கி நெருக்கிக்கொண்டு போக வேண்டும். அணைந்த பிறகு எரியும் அடிமரங்களைத் தேடிப் பார்க்காமல் திரும்பினால், மறுநாள் மதியக் காற்றில் அதே இடத்துக்கு மறுபடி ஓட வேண்டியிருக்கும்.

தண்ணீர்த் தொட்டிக்கு வருவோம். வளர்ந்த யானை ஒரு நாளைக்குச் சுமார் 150 முதல் 200 லிட்டர் குடிக்கும். மலை ஓடைகள் மார்ச்சில் வற்றும், காவிரி மட்டும் ஓடும். அதனால் கோடையில் விலங்கு ஆற்றை நோக்கி இறங்குவது இயற்கை. எல்லா இடத்திலும் தொட்டி வைத்து இந்த நகர்வை நிறுத்திவிட்டால் என்ன ஆகும்? ஒரே இடத்தில் மான் கூட்டம் வருஷம் முழுக்க நின்று, தொட்டியைச் சுற்றிப் புல் ஒழிந்து, மண் இறுகிப்போகும். தண்ணீரைக் கூட்டுவது எப்போதும் நல்லது என்ற நினைப்புதான் பல காடுகளில் புல்லைத் தின்றது. இருக்கும் பழைய குட்டையைத் தூர்வாருவது, பள்ளத்தில் கல்லடுக்குத் தடுப்பு போடுவது, ஊற்றுக்கண்ணைச் சுற்றி மாடு மிதிக்காமல் காப்பது முதலில். போர்வெல்லும் சோலார் மோட்டாரும் தொட்டியும் கடைசி வழி.

கட்டித்தான் ஆக வேண்டும் என்றால், கொல்லை ஓரத்திலிருந்து தள்ளி, காட்டின் உள்பக்கம். ரோட்டிலிருந்து பார்க்கத் தெரிகிறது, லாரி போய்வரச் சுலபம் என்று ஓரத்தில் கட்டிய தொட்டி யானையை ஊர் வாசலுக்கே அழைத்து வருகிறது. தட்டுபோல் விளிம்பிலிருந்து நடுவுக்குச் சரியும் வடிவம் நல்லது. செங்குத்துச் சுவர் வைத்தால் குட்டியும் முள்ளம்பன்றியும் உள்ளே விழுந்து ஏற முடியாமல் சாகும். பழைய செங்குத்துத் தொட்டிகளில் குறைந்தபட்சம் ஒரு மூலையில் கல் அடுக்கிச் சரிவு கொடுக்கலாம். கோடையில் அடிக்கடி வடித்துத் தேய்க்க வேண்டும். தொட்டிக்கரையில் வேட்டைக்காரரும் காத்திருப்பார், எனவே அது ரோந்துப் பாதையில் இருக்க வேண்டும்.

யானைத் தடுப்புகள் பற்றி உங்கள் பக்கம் பேசாத நாளில்லை. அகழி, சோலார் வேலி, கம்பிவட வேலி மூன்றுக்கும் தனித்தனிக் குணம் உண்டு.

அகழி மேலே மூன்று மீட்டர் அகலம், இரண்டரையிலிருந்து மூன்று மீட்டர் ஆழம், கீழே குறுகி வரும். யானை குதிக்காது என்பதுதான் இதன் அடிப்படை. ஆழமான செம்மண்ணில் நன்றாக நிற்கும். மேலகிரி அடிவாரத்தில் இரண்டடிக்குக் கீழே பாறை வருவதால், அந்த இடத்தில் ஒப்பந்தக்காரர் மேலோட்டமாக வாரிவிட்டுப் போவார்; யானை அந்தப் பத்தடியைத்தான் தேடி வரும். பள்ளங்கள் குறுக்கிடும் இடமும் அப்படியே. தோண்டிய மண்ணை ஊர்ப்பக்கம் கரையாகப் போட வேண்டும்; காட்டுப்பக்கம் போட்டால் யானையே காலால் தள்ளி அகழியைத் தூர்த்து நடந்துவரும். சரிந்த இடங்களை வருஷம் ஒருமுறை மழை முடிந்ததும், ராகி பால் பிடிக்கும் முன் சீர் செய்யாவிட்டால் மூன்றாம் வருஷம் அது அகழி இல்லை, ஓடை.

சோலார் வேலி என்பது தடுப்புச் சுவர் இல்லை, பயமுறுத்தல். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து எனர்ஜைசர் என்ற கருவி ஏறத்தாழ நொடிக்கு ஒரு துடிப்பு வீதம், ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்துக்கு, பல ஆயிரம் வோல்ட்டை அனுப்பும். துடிப்புக்கு நடுவே கம்பி வெறும் கம்பிதான், அதனால் தொட்டவர் கையை எடுத்துவிட முடியும். வேலி வேலை செய்யவில்லை என்றால் பத்தில் எட்டுத் தடவை காரணம் இரண்டுதான். ஒன்று, ஈரப் புல்லும் கொடியும் கீழ்க்கம்பியைத் தொட்டு மின்சாரத்தைத் தரையிறக்குவது. வேலிக்கு இருபுறமும் ஒரு மீட்டர் சுத்தமாக இருக்க வேண்டும். மழைக்காலத்தில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை அறுத்தாலும் தகும். இரண்டு, எர்த். துடிப்பு யானையின் உடல் வழியாக மண்ணுக்குள் போய் எனர்ஜைசருக்குத் திரும்பினால்தான் அடி விழும். ஒரு கம்பியைக் குத்திவிட்டு எர்த் என்று சொல்வது கோடையில் உதவாது. இரண்டு மீட்டர் ஜிஐ பைப் மூன்றை இடைவெளி விட்டுப் புதைத்து, கரி, உப்பு போட்டு, காய்ந்த மாதங்களில் தண்ணீர் ஊற்ற வேண்டும். வேலி வோல்ட்மீட்டர் ஒன்றை வைத்துக்கொண்டு, எனர்ஜைசர் பக்கத்தில் அல்ல, வேலியின் கடைசி முனையில் தினமும் சாயங்காலம் அளக்க வேண்டும். மூவாயிரம் வோல்ட்டுக்குக் கீழே போனால் பழகிய யானை மதிக்காது.

யானை கற்றுக்கொள்ளும். தந்தத்தில் மின்சாரம் பாயாது என்று தெரிந்த கொம்பன் தந்தத்தாலேயே கம்பியை நெரிக்கும். சிலது மரத்தைச் சாய்த்து வேலிமேல் போடும். கம்பத்தை உள்ளங்காலால் தள்ளும். அதற்காகத்தான் தொங்கும் வேலி வந்தது: நாலு மீட்டருக்கு மேல் உயரத்தில் கம்பி ஓட, அதிலிருந்து மெல்லிய கம்பிகள் தரைக்கு ஒரு மீட்டர் மேல்வரை தொங்கும். கம்பம் கைக்கு எட்டாது, மானும் முயலும் அடியில் போய்வரலாம்.

மூன்றாவது, எஃகுக் கம்பிவட வேலி. தென்னாப்பிரிக்காவின் அட்டோவில் 1954-இல் ஆர்ம்ஸ்ட்ராங் என்பவர் பழைய டிராம் தண்டவாளத்தையும் லிஃப்ட் வடத்தையும் வைத்துக் கட்டிய வேலியின் வழித்தோன்றல் இது. ஓசூர் வனக்கோட்டத்தில் இதைப் போட்டிருக்கிறார்கள். மின்சாரம் வேண்டாம், பாறையிலும் நடலாம். விலை அதிகம். வடத்தின் இழுவை தளர்ந்தால் யானை இரண்டு வடத்தை விரித்துக்கொண்டு நுழையும். இழுவைத் திருகுகளை முறை வைத்து இறுக்க வேண்டும்.

எந்தத் தடுப்பானாலும் ஒன்று மாறாது: ஓர் ஊரை அடைத்தால் யானை பக்கத்து ஊரில் இறங்கும். அதன் நடைபாதையையே குறுக்கே அடைத்தால் இரண்டு மாதத்தில் உடைக்கும். கொல்லைகளைச் சுற்றி அடைத்து, நடைபாதையைத் திறந்து விடுவதுதான் கணக்கு.

கள்ள மின்வேலியை இதோடு சேர்க்கக் கூடாது. வீட்டு லைனிலிருந்து 230 வோல்ட்டை நேராக இழுத்தால் அது இடைவிடாத மின்சாரம். தசை இறுகி, தொட்டது விடுபட முடியாது. 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே மூன்று பெண் யானைகள் செத்து, இரண்டு குட்டிகள் அநாதையாக நின்றது இப்படியொரு வேலியில்தான். அதே வருஷம் தமிழ்நாடு மின்வேலிகளைப் பதிவு செய்து முறைப்படுத்தும் விதிகளைக் கொண்டுவந்தது. காட்டை ஒட்டிப் போடும் சோலார் வேலிக்கும் இப்போது பதிவு வேண்டும், இந்தியத் தர நிர்ணய அமைப்பின் அளவுக்குள் இருக்கும் எனர்ஜைசர்தான் வைக்க வேண்டும். யானையைக் கொன்றால் மூன்று முதல் ஏழு வருஷம் சிறை, அபராதம் குறைந்தது 25,000 ரூபாய். தாழ்ந்து தொங்கும் மின்கம்பியும் இதே அளவு ஆபத்து: தெருவோரம் அல்லாத இடத்தில் 11 கிலோவோல்ட் வெறுங்கம்பிக்குப் பொதுவான மின்விதி கேட்கும் குறைந்தபட்ச உயரம் 4.6 மீட்டர். பெரிய ஆண் யானை தும்பிக்கையைத் தூக்கினால் அதை எட்டிவிடும், ஏரிக்கரை மேல் ஏறி நின்றால் சொல்லவே வேண்டாம்.

மாடு விஷயம் தகராறானது, சுருக்கமாகச் சொல்கிறேன். 2022-இல் சென்னை உயர் நீதிமன்றம் காட்டில் மேய்ச்சலுக்குத் தடை போட்டு, பிறகு அதைச் சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் என்ற அளவுக்குச் சுருக்கியது. ஆலம்பாடி மாடு இந்தக் காட்டுமேய்ச்சலில் உருவான இனம். தடையைக் காகிதத்தில் மட்டும் வைத்தால் மேய்ச்சல் ராத்திரிக்கு மாறும், பட்டி இன்னும் உள்ளே போகும். மேய்ச்சலைவிட அவசரமான பிரச்சினை நோய்: பட்டியிலிருந்து கோமாரி காட்டெருமைக்குத் தாவும். காட்டோர ஊர்களின் மாடுகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை தடுப்பூசியை விடாமல் போடுவது, சண்டை இல்லாமல் நடக்கக்கூடிய வனவிலங்கு வேலை. வனத்துறையும் கால்நடைத்துறையும் ஒரே நாளில் ஒரே ஊருக்குப் போக வேண்டும், அவ்வளவுதான்.

ஆற்றோரம் தனி உலகம். நீர்மருதும் புளியும் கிளையோடு கிளை தொட்டு நிற்கும் வரிசைதான் சாம்பல்நிற மலை அணிலின் ரோடு. நடுவில் நாலு மரம் போனால் அது தரையில் இறங்க வேண்டும், இறங்கினால் நாய் பிடிக்கும். காட்டில் கன்று நட ஆசைப்படுபவர்கள் அந்த இடைவெளிகளில் நீர்மருது நடலாம், இரண்டு கோடை தண்ணீர் ஊற்றும் பொறுப்போடு. மணல் திட்டில் ஆமையும் முதலையும் முட்டை வைக்கும்; அங்கே கூடாரம் அடித்து அடுப்பு மூட்டக் கூடாது. மடுவில் தோட்டா போட்டு மீன் பிடித்தால், மிதப்பதை அள்ளிக்கொண்டு போகிறவர்கள் பார்க்காதது நீருக்கு அடியில் செத்துக் கிடக்கும் குஞ்சுகள். மீனை நம்பி வாழும் நீர்நாய்க்கும் இரை போய்விடும்.

ரோந்து என்றால் துப்பாக்கியோடு நடப்பது என்று நினைப்பு. பெரும்பகுதி கண்ணி பொறுக்குவதுதான். பைக் கிளட்ச் கம்பியில் செய்த சுருக்கு முயலுக்கும் பன்றிக்கும் வைத்தது, அதில் சிறுத்தை இடுப்பு மாட்டிச் சாகிறது. வேலி இடைவெளி, கொல்லைக்கு இறங்கும் ஒற்றையடித் தடம், தண்ணீர் வழி, இந்த மூன்றிலும் ஐந்தாறு பேர் சில மீட்டர் இடைவெளி விட்டு வரிசையாக, முழங்கால் உயரத்தைப் பார்த்துக்கொண்டு மெதுவாக நடக்க வேண்டும். காலடியை மட்டும் பார்த்து நடப்பவருக்குக் கண்ணி தெரியாது. அவுட்டுக்காய் இன்னும் கொடியது: பன்றிக்கு வைத்த அந்த வெடியை யானை கடித்தால் வாய் சிதைந்து, தின்ன முடியாமல் நாள் கணக்கில் பட்டினி கிடந்து சாகும்.

இனி உங்கள் கொல்லை. யானை இறங்கிய சேதி வந்தால் பகலில் விரட்டப் போகாதீர்கள். பகலில் அது தோப்பிலோ தைலமரத்திலோ ஒதுங்கி நிற்கும், கூச்சல் போட்டால் ஊருக்குள் பாயும். விரட்டுவதைச் சாயங்காலத்துக்கு மேல், வனத்துறைக் குழுவோடு, காடு இருக்கும் பக்கத்தைத் திறந்து விட்டு, மற்ற மூன்று பக்கத்தில் நின்று செய்ய வேண்டும். நான்கு பக்கமும் டார்ச் அடித்தால் அதற்குப் போக வழி எது? குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கும்படி நடுவில் புகக் கூடாது. சேதத்தை அன்றே போட்டோ எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமும் வனவரிடமும் எழுதிக் கொடுங்கள். அறுத்த பிறகு கொடுத்த மனுவில் சேதத்தைக் காட்ட முடியாது. அறுத்த ராகியைக் களத்தில் குவித்து வாரக்கணக்கில் விடாமல் சீக்கிரம் அடித்து, மூட்டையைத் தகரக் கூரைக்குள் வைக்காமல் காரை வீட்டுக்குள் ஏற்றுங்கள். அடுத்த மழைக்கு முன், உங்கள் கொல்லைக்கு மேலிருக்கும் அகழியை ஒருமுறை முழுக்க நடந்து பார்த்து, எந்த இடத்தில் மண் சரிந்திருக்கிறது, எங்கே பாறை தலைகாட்டுகிறது என்று குறித்துச் சரகர் அலுவலகத்தில் கொடுங்கள். யானை அந்த இடத்தைக் கண்டுபிடிக்க அதிகநாள் எடுத்துக்கொள்ளாது.